விளையாட்டும் தோல்வி மனப்பான்மையும்

2023-ம் வருஷம் நவம்பர் மாதம் 19-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம் ஆமதாபாத்தில் நடந்து கொண்டிருந்தது. நாம் அன்று வேறொரு காரியமாக விருத்தாசலத்துக்குப் போயிருந்தோம். மணிமுத்தா நதிக்கரையில், விருத்தகிரீசுவரர் கோயிலைச் சுற்றி வளர்ந்த அந்தப் பழைய ஊர் இன்று பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பீங்கான் தொழில்நுட்பம் போதிக்கும் அரசாங்கக் கல்லூரியும், சூளைகள் நிறைந்த தொழிற்பேட்டையும் அங்கே உண்டு. பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேல் மண்ணை அகற்றும்போது கிடைக்கும் களிமண் இத்தொழிலுக்குப் பெரிய ஆதரவு. பொம்மைகள், ஜாடிகள், மின்சாரச் சாமான்களுக்கான பீங்கான் உறுப்புகள் எல்லாம் அங்கே உருவாகின்றன.

தொழிற்பேட்டைக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் டெலிவிஷன் ஓடிக் கொண்டிருந்தது. சூளையில் வேலை செய்வோர், கல்லூரி மாணவர், லாரி ஓட்டுவோர் என்று சுமார் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். நாமும் ஓர் ஓரமாக உட்கார்ந்தோம். ஆட்டத்தைவிட அந்த நாற்பது பேரின் முகங்களே நமக்கு அதிகப் பாடம் கற்பித்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

நமது கோஷ்டி அதற்குமுன் ஆடிய பத்து ஆட்டங்களில் பத்திலும் வெற்றி பெற்றிருந்தது. அப்படியிருந்தும் 81 ரன்னில் மூன்றாவது விக்கெட் விழுந்தவுடனே, ஒரு வாலிபர் எழுந்து வேஷ்டியை உதறிக் கொண்டார். “முடிஞ்சு போச்சு. பைனல்னா நம்ம ஆளுங்க இப்படித்தான்” என்றார். இன்னும் நாற்பது ஓவர் பாக்கியிருந்தது. நமது கணக்கு 240-ல் முடிந்தது. பின்னர் ஆஸ்திரேலியர் ஆட வந்து 47 ரன்னுக்கு மூன்று விக்கெட்டுகளை இழந்தார்கள். போன வாலிபர் திரும்பி வந்துவிட்டார்! “கோப்பை நமக்குத்தான். எழுதி வெச்சுக்குங்க” என்று அவரே எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு டிராவிஸ் ஹெட்டும் லபுஷேனும் சேர்ந்து 192 ரன் எடுத்தார்கள். அந்த ஜோடி நிலைத்து நிற்கத் தொடங்கியதுமே பெஞ்சிகள் காலியாயின. ஆஸ்திரேலியா ஆறு விக்கெட் வித்தியாசத்தில் ஜயித்தபோது, கடைக்காரரையும் நம்மையும் சேர்த்து ஆறேழு பேர்தான் அங்கே மிஞ்சியிருந்தோம். போகிற போக்கில் ஒருவர் சொன்ன வார்த்தை நம் காதில் இன்னும் ஒலிக்கிறது: “இந்த நாடு எதிலேதான் உருப்படும்?”

ஒரு கிரிக்கெட் ஆட்டம் தோற்றதற்கு ஒரு தேசமே உருப்படாது என்ற தீர்ப்பு! இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறோம். ஏனெனில் இது ஒரு தேநீர்க் கடையோடு நிற்கும் வார்த்தையல்ல. இவ்வார்த்தையைத் தேர்தல் தோல்விக்கு மறுநாள் தொண்டர்களின் வாயில் கேட்டிருக்கிறோம். கிராம சபைக்கு ஏன் வரவில்லை என்று விசாரிக்கும்போது கேட்டிருக்கிறோம். நூல் நிலையத்துக்குச் சந்தா வசூலிக்கப் போன இடத்திலும் கேட்டிருக்கிறோம். விளையாட்டு மைதானத்தில் இது வாய்விட்டு வெளிவருகிறது. மற்ற இடங்களில் மனத்துக்குள்ளே இருந்து காரியத்தைக் கெடுக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரட்டைக் குழந்தைகள்

தோல்வி மனப்பான்மை என்றால் எப்பொழுதும் முகத்தைத் தொங்கப் போட்டுக் கொண்டிருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மேலே சொன்ன வாலிபரைக் கவனியுங்கள். 81 ரன்னில் அவருக்கு எல்லாம் போய்விட்டது. ஆஸ்திரேலியர் 47-ல் தடுமாறியபோது எல்லாம் வந்துவிட்டது. அளவற்ற அதைரியமும் அளவற்ற இறுமாப்பும் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைக் குழந்தைகள். நிதானம் இல்லாதவனுக்கு இரண்டும் மாறி மாறி வரும். இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: ஆட்டம் முடிவதற்குமுன் முடிவைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம்.

இந்த அவசரம் சில சமயங்களில் வெட்கக்கேடான காரியங்களில் போய் முடிந்திருக்கிறது. 1996-ம் வருஷம் மார்ச் 13-ந் தேதி கல்கத்தாவில் இலங்கையுடன் உலகக் கோப்பை அரை இறுதி ஆட்டம். 98 ரன்னுக்கு ஒரே விக்கெட் என்றிருந்த நமது கணக்கு 120-க்கு எட்டு என்று சரிந்தது. ஜனங்கள் மைதானத்துக்குள் பாட்டில்களை வீசினார்கள்; ஆசனங்களுக்குத் தீ வைத்தார்கள். ஆட்டத்தைத் தொடர முடியாமல், வெற்றி இலங்கைக்கே என்று தீர்ப்பாயிற்று. 2007-ம் வருஷம் மார்ச்சு மாதம் வங்காள தேசத்திடம் நமது கோஷ்டி தோற்றபோது, ராஞ்சியில் கட்டிக் கொண்டிருந்த தோனியின் வீடு தாக்கப்பட்டது. அதே வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி, அதே தோனியின் தலைமையில் நம்மவர்கள் ஜோஹான்னஸ்பர்கில் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றார்கள். இடையே கழிந்தது ஆறே மாதம். கல்லெறிந்த ஜனங்களும் மாலை போட்ட ஜனங்களும் வேறு வேறு என்று யார் சொல்ல முடியும்?

எங்கிருந்து வந்தது?

இந்த மனப்பான்மை நமக்கு எங்கிருந்து வந்தது? இரண்டு ஊற்றுக்களைக் காட்டலாம்.

முதலாவது, அன்னிய ஆட்சி நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். “நீங்கள் தேக பலம் இல்லாதவர்கள், கூட்டாக நின்று ஒரு காரியம் செய்யத் தெரியாதவர்கள்” என்று இரண்டு நூற்றாண்டுகள் ஓதினார்கள். போர்க் குணமுள்ள ஜாதியார் சிலரே என்றொரு சித்தாந்தத்தைக் கட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைப் பட்டாளத்தின் பல ரெஜிமெண்டுகளைக் குறைத்தார்கள். எந்தச் சென்னைச் சிப்பாய்களைக் கொண்டு தேசத்தைப் பிடித்தார்களோ, அவர்களையே சண்டைக்கு லாயக்கற்றவர்கள் என்றார்கள். பொய்யைப் பல தலைமுறை கேட்டால் அது பாட்டி சொன்ன கதைபோல் மனத்தில் ஊன்றிவிடுகிறது.

அந்தப் பொய்யை விளையாட்டு மைதானத்திலேயே உடைத்தவர்கள் நம்மில் இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. சென்னையில் ஐரோப்பியரின் கிரிக்கெட் கிளப்பில் இந்தியருக்கு இடமில்லாத காலத்தில், புச்சிபாபு நாயுடு 1888-ல் மதராஸ் யுனைடெட் கிளப்பை ஸ்தாபித்தார். நம்மவர்க்கு மட்டையும் பந்தும் கொடுத்துப் பழக்கினார். பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் ஐரோப்பியரும் இந்தியரும் எதிரெதிரே நின்று ஆடிய பிரஸிடென்ஸி மாட்சுக்கு வித்திட்டவர் அவரே. 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி, பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் கோஷ்டியார், பூட்ஸ் அணிந்த கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்டை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்துக் கால்பந்துக் கேடயத்தைப் பறித்தார்கள். வங்காளம் அன்று ஒரு யுத்தத்தில் வென்றதுபோல் கொண்டாடியது. சுதந்தரம் அடைந்து ஒரு வருஷம் நிறைவதற்கு மூன்று நாள் இருக்கையில், 1948 ஆகஸ்ட் 12-ந் தேதி, லண்டன் ஒலிம்பிக்கில் நமது ஹாக்கி வீரர்கள் பிரிட்டிஷ் கோஷ்டியை நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். ஆண்டவர்களை அவர்கள் வீட்டு வாசலிலேயே வென்ற ஜனங்கள், “நம்மால் ஆகாது” என்று முணுமுணுப்பது நியாயமா?

இரண்டாவது ஊற்று இதைவிட நெருக்கமானது. அது ஒவ்வொருவர் மனத்திலும் இருக்கிறது. “தோற்போம்” என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவனுக்கு இரண்டு லாபம். தோற்றால், “நான் அப்போதே சொல்லவில்லையா?” என்று மார் தட்டலாம். ஜயித்தால் எல்லோருடனும் சேர்ந்து குதிக்கலாம். அவன் சொன்னதை யாரும் ஞாபகப்படுத்தப் போவதில்லை. நம்பி ஏமாறுவதால் வரும் வலிக்குப் பயந்து நம்பாமலே இருந்துவிடுவது ஒரு தந்திரம். ஊரில் புத்திசாலி என்ற பெயரையும் அது வாங்கித் தருகிறது. நம்பிக்கையோடு பேசுகிறவன் ஏமாளி, அவநம்பிக்கையோடு பேசுகிறவன் அனுபவசாலி என்றொரு மூட வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நம் கருத்தில், இது அனுபவமல்ல. பயம் அனுபவத்தின் அங்கவஸ்திரத்தைப் போட்டுக் கொண்டு நடக்கிறது.

ஹாக்கி சொல்லும் பாடம்

“பிரத்தியட்சமாகத் தோற்றுக் கொண்டிருக்கும்போது தோற்போம் என்று சொல்வது எப்படிக் குற்றமாகும்?” என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபணை. இதற்கு ஹாக்கியின் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் தொடங்கி 1956-ல் மெல்போர்ன் வரையில், ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கிக்கு ஆறு தங்கப் பதக்கங்கள் தொடர்ச்சியாகக் கிடைத்தன. 1960-ல் பாகிஸ்தானிடம் ஒரே கோலில் தோற்றோம். 1964-ல் திரும்பப் பெற்றோம். 1976-ல் மாண்ட்ரியலில் ஏழாவது இடத்துக்கு இறங்கினோம். 1980-ல் நமது தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் மீண்டும் தங்கம். பிறகு நாற்பத்தொரு வருஷம் ஒரு பதக்கமும் இல்லை. 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்குக்குப் போகும் தகுதியே கிடைக்கவில்லை. 2012-ல் லண்டனில் பன்னிரண்டு கோஷ்டிகளில் பன்னிரண்டாவது.

அந்தக் காலத்தில் “தோற்போம்” என்று சொன்னவர்கள் இரண்டு வகையினர். ஒரு வகையார் சொன்னது: “நம் ஜனங்களுக்கு ஓட்டமே வராது. பழைய பெருமையைப் பேசிக் காலம் தள்ளுகிறவர்கள். நம் விதி இது.” மற்றொரு வகையார் சொன்னது: “1976-ல் ஒலிம்பிக் ஹாக்கி புல்தரையை விட்டுச் செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. அந்தத் தரையில் பந்து வேகமாக ஓடுகிறது. மூச்சும் உடல் உறுதியும் அதிகம் வேண்டும். நம் பிள்ளைகளோ இன்னும் மண்ணிலும் புல்லிலும் பழகுகிறார்கள். தரை போடுங்கள், பயிற்சி முறையை மாற்றுங்கள், நிர்வாகச் சண்டைகளை நிறுத்துங்கள்.” இருவர் வாயிலும் “தோற்போம்” என்ற வார்த்தை ஒன்றுதான். ஆனால் முதல் வகையார் சொன்னதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாம் வகையார் சொன்னதில் நாளைக் காலை தொடங்கக் கூடிய வேலை இருக்கிறது. முன்னது தோல்வி மனப்பான்மை, பின்னது விமரிசனம். இவ்விரண்டையும் குழப்பிக் கொள்வதால்தான் தேசத்தில் பாதி விபரீதங்கள் நேருகின்றன.

வேலை செய்தவர்கள் பலன் கண்டார்கள். ஒடிசா மாகாண சர்க்கார் 2018 முதல் தேசிய ஹாக்கி கோஷ்டியை ஆதரிக்க முன்வந்தது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்மவர்கள் ஆஸ்திரேலியாவிடம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் அடிபட்டார்கள். வழக்கம்போல் “உருப்படாது” என்ற கோஷம் எழுந்தது. ஆகஸ்ட் 5-ந் தேதி ஜெர்மனியுடன் ஆடியபோது, மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்தும் ஐந்துக்கு நான்கு என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள். 2024-ல் பாரிஸில் மறுபடியும் வெண்கலம். தங்கம் இன்னும் திரும்பவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் பன்னிரண்டில் பன்னிரண்டாவதாக நின்றவர்கள் மூன்றாவது இடத்துக்கு ஏறினார்கள் என்பதும் வாஸ்தவமே.

பாரிஸில் தேசம் முழுவதற்கும் கிடைத்த பதக்கங்கள் ஆறு. தங்கம் ஒன்றுகூட இல்லை. “நூற்று நாற்பது கோடி ஜனம், ஆறு பதக்கம்!” என்று கைகொட்டிச் சிரித்தார்கள். சிரிப்பவர்களை ஒன்று கேட்கிறோம். நூற்று நாற்பது கோடியில் எத்தனை பேருக்கு ஓடுவதற்கு ஒரு மைதானம் இருந்தது? எத்தனை பேருக்கு ஒரு பயிற்சி ஆசிரியர் இருந்தார்? எத்தனை பேர் காலை ஆகாரம் உண்டு மைதானத்துக்குப் போனார்கள்? ஜனத்தொகை ஓடிப் பரிசு வாங்குவதில்லை; ஆகாரமும் பயிற்சியும் பெற்ற பிள்ளைதான் ஓடுகிறான். கணக்குப் பார்ப்பதானால் அந்தக் கணக்கைப் பாருங்கள். அது நம்மை வெட்கப்படச் செய்யும். வேலையும் செய்ய வைக்கும்.

சந்தேகத்துக்கும் காரணம் உண்டு

ரசிகர்களை மட்டும் குறை கூறி விடுவது நம் நோக்கமல்ல. அவர்கள் நம்பிக்கையை மற்றவர்கள் உடைத்ததும் உண்டு. 2000-ம் வருஷத்தில் ஆட்டங்கள் விலை பேசப்பட்ட சங்கதி வெளிவந்தது. பெரிய பெயருள்ள ஆட்டக்காரர் சிலர் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். இரவெல்லாம் கண் விழித்து ரேடியோவைக் கேட்ட ஏழைத் தொழிலாளிக்கு அது எப்படியிருந்திருக்கும்? அவன் அன்று முதல் ஜயத்தையும் சந்தேகிக்கத் தொடங்கினான். தோல்வியையும் சந்தேகிக்கத் தொடங்கினான். அவனைக் கோபிக்க நமக்கு உரிமையில்லை.

ஆனால் அந்தக் கறை படிந்த மறு வருஷமே என்ன நடந்தது? 2001 மார்ச்சு மாதம் அதே கல்கத்தாவில், முதல் இன்னிங்ஸில் பின்தங்கி மீண்டும் உடனே ஆடும்படி விதிக்கப்பட்ட நமது கோஷ்டியில், லக்ஷ்மண் 281 ரன்னும் திராவிட் 180 ரன்னும் எடுத்து ஒரு நாள் முழுவதும் ஆட்டமிழக்காமல் நின்றார்கள். உலகத்தில் எவராலும் அசைக்க முடியாதிருந்த ஆஸ்திரேலியர் 171 ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள். மோசம் செய்தவர்கள் சிலர், உழைத்தவர்கள் பலர். மோசக்காரனைத் தண்டிக்க வேண்டும். அவனுக்காக உழைப்பாளியின் மீது நம்பிக்கையை வாபஸ் வாங்கினால் மோசக்காரனுக்கே இரண்டாவது வெற்றி. அரசியலில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். “எல்லோரும் திருடர்கள்” என்ற வார்த்தையைக் கேட்டு மகிழ்கிறவர்கள் திருடர்களே.

சேப்பாக்கம் காட்டிய வழி

தோற்கும்போது எப்படி நடந்து கொள்வது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் நமக்கு வேண்டாம். நமது சென்னையே காட்டியிருக்கிறது. 1999-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட் ஆட்டத்தின் கடைசிக் கட்டம். 271 ரன் எடுத்தால் ஜயம். டெண்டுல்கர் முதுகு வலியோடு நின்று 136 ரன் எடுத்தார். வெற்றிக்கு 17 ரன்னே பாக்கியிருந்தபோது அவர் ஆட்டமிழந்தார். எஞ்சிய விக்கெட்டுகள் நான்கு ரன்னுக்குள் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி. மைதானத்தில் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லை. பிறகு ஜனங்கள் எழுந்து நின்றார்கள். வென்ற பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டினார்கள். அவ்வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக் கொண்டார்கள்.

அடுத்த மாதமே கல்கத்தாவில் அதே பாகிஸ்தானுடன் நடந்த ஆட்டத்தில் கலகம் விளைந்து, போலீசார் ஜனங்களை வெளியேற்றி, ஏறக்குறைய காலியான மைதானத்தில் ஆட்டத்தை முடிக்க வேண்டியதாயிற்று. சென்னைக்காரர்கள் அழவில்லையா? அழுதார்கள். வலிக்கவில்லையா? வலித்தது. ஆனால் அவர்கள் ஆட்டம் முடியும் வரையில் இருந்தார்கள். எதிரியின் திறமையை ஒப்புக் கொண்டார்கள். தங்கள் ஆட்டக்காரரைத் தூற்றவில்லை. எதிரியின் திறமையை ஒப்புக் கொள்ளத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் உள்ளவனுக்கே நாளை அவனை வெல்லும் வழி தெரியும்.

சூளை மேஸ்திரியின் வார்த்தை

விருத்தாசலத்துக்குத் திரும்புவோம். அந்த நவம்பர் இரவில் கடைசி வரை உட்கார்ந்திருந்த ஆறேழு பேரில் ஒருவர் வயதான சூளை மேஸ்திரி. மறுநாள் காலையில் அவருடைய பட்டறையைப் பார்க்கப் போனோம். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சுகளில் ஊற்றிப் பொம்மைகள் வார்த்துக் கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் விரிசல் கண்ட பொம்மைகள் தனியே அடுக்கியிருந்தன. “இவைகளை ஏன் எறியவில்லை?” என்று கேட்டோம்.

“எறியறதுக்கு முன்னாலே பாக்கணும் ஐயா” என்றார். “அடியிலே விரிஞ்சா ஒரு காரணம், கழுத்திலே விரிஞ்சா ஒரு காரணம். ஈரம் போகாம அடுக்கிட்டமா, சூட்டை அவசரமா ஏத்திட்டமான்னு இதுங்கதான் சொல்லும். இன்னொண்ணு இருக்கு. சூளையை ஆறுறதுக்கு முன்னாலே திறந்து பாத்தா நல்லா வெந்த சாமானும் விரிஞ்சுடும். நேத்து ராத்திரி எழுந்து போனாங்களே, அவங்க எல்லாம் என்கிட்டே வேலைக்கு வந்தா சூளையை மூணாம் மணியே திறந்துடுவாங்க.”

அங்கே பயிற்சிக்காக வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு நம்மிடம், “மேஸ்திரி ஐயா சொல்வது சரி. ஆனால் இந்தத் தொழிலில் இருந்து என்ன பிரயோஜனம்? குஜராத்தில் மோர்பி இருக்கிறது. வடக்கே குர்ஜா இருக்கிறது. சீனச் சரக்கு வேறு. நம்மால் நிற்க முடியுமா?” என்றார். அவர் கேட்டது கேள்வியாக இருந்தால் நல்ல கேள்வி. எரிபொருள் செலவு என்ன, புதிய மாதிரிகளை யார் தயாரிப்பது, சந்தையை எப்படிப் பிடிப்பது, கடன் எங்கே கிடைக்கும் என்று அது நான்கு கேள்விகளாகப் பிரியும். நான்குக்கும் பாடுபட்டால் விடை உண்டு. ஆனால் அவர் குரலில் கேள்வி இல்லை; தீர்ப்பு இருந்தது. முதல் நாள் 81 ரன்னில் எழுந்து போனவரின் அதே தீர்ப்பு. இருபது வயதில் ஒரு பிள்ளை தன் தொழிலைப் பற்றி இப்படிப் பேசினால், கிரிக்கெட்டில் கோப்பை போனதைவிடப் பெரிய நஷ்டம் அதுவே.

அந்த மாணவரிடம் நாம் ஒரு சங்கதியை ஞாபகப்படுத்தினோம். 2020-ம் வருஷம் டிசம்பர் 19-ந் தேதி அடிலெய்டில் நமது கோஷ்டி 36 ரன்னுக்குச் சுருண்டது. டெஸ்ட் ஆட்டங்களில் நமது மிகக் குறைந்த கணக்கு அதுவே. தலைவர் கோஹ்லி ஊர் திரும்பினார். அடுத்தடுத்துப் பலர் காயமடைந்தார்கள். நான்கு ஆட்டங்களிலும் தோல்வி என்று முன்கூட்டியே எழுதினார்கள். மெல்போர்னில் வென்றார்கள். சிட்னியில் தோல்வியைத் தவிர்த்தார்கள். வலியோடு மணிக்கணக்கில் நின்றவர்களில் சென்னை அசுவின் ஒருவர். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியர் தோல்வியே காணாத பிரிஸ்பேன் மைதானத்தில், 2021 ஜனவரி 19-ந் தேதி, 328 ரன் என்ற இலக்கை எட்டி வென்றார்கள். அங்கே முதன் முதலாக டெஸ்ட் ஆடிய இருவர் தமிழர்கள்: சென்னை வாஷிங்டன் சுந்தர், சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி நடராஜன். முதல் இன்னிங்ஸில் இருவரும் மும்மூன்று விக்கெட் எடுத்தார்கள். சுந்தர் 62 ரன்னும் சேர்த்தார். நடராஜன் தறித் தொழிலாளியின் மகன். விருத்தாசலம் ஜங்ஷனில் சேலம் பாதையில் ரயிலேறினால் போய்விடக் கூடிய ஜில்லா அது. வலை கட்டிப் பந்து வீசுவோர் தேவை என்று அழைத்துப் போகப்பட்ட நடராஜன், “நமக்கு எங்கே இடம் கிடைக்கப் போகிறது?” என்று திரும்பியிருந்தால் அந்தப் பெயரை இன்று நாம் எழுதிக் கொண்டிருக்க மாட்டோம்.

ஏழு மாதத்துக்குப் பிறகு

2024-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி இரவு பார்படோஸ் தீவில் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது. தென்னாப்பிரிக்கருக்கு முப்பது பந்துகளில் முப்பது ரன் வேண்டும். கையில் ஆறு விக்கெட். எவர் பார்த்தாலும் ஆட்டம் போயிற்று என்றே சொல்லும் நிலை. ஏழு ரன்னில் நம்மவர் ஜயித்தார்கள். பின்னர் விருத்தாசலம் போனபோது அந்தத் தேநீர்க் கடைக்காரரை விசாரித்தோம். “முப்பதுக்கு முப்பதுன்னு வந்தப்பவே கடை காலியாயிடுச்சு. ஜெயிச்சப்ப நானும் மேஸ்திரியும் ராத்திரிச் சூளை பாக்கிற ரெண்டு பேருந்தான் இருந்தோம். மத்தவங்க பட்டாசு சத்தம் கேட்டு எழுந்து வந்தாங்க” என்றார்.

வெற்றியைப் பட்டாசுச் சத்தத்தில் தெரிந்து கொள்ளும் ஜனங்களாக நாம் இருக்க வேண்டுமா?

2025-ல் நமது பெண்மணிகள் இன்னும் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். உலகக் கோப்பைப் போட்டியில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து மூவரிடமும் தொடர்ந்து தோற்றார்கள். “பெண்கள் கிரிக்கெட்டும் இப்படித்தான்” என்று கைகழுவியவர்கள் அநேகர். அரை இறுதியில் ஆஸ்திரேலியர் வைத்த 339 ரன் என்ற இலக்கை ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 ரன் எடுத்து எட்ட வைத்தார். நவம்பர் 2-ந் தேதி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று முதன் முதலாகக் கோப்பையைப் பெற்றார்கள். 2005-லும் 2017-லும் இறுதி ஆட்டத்தில் தோற்றவர்களின் சந்ததி இது. 2017-ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஒன்பதே ரன்னில் தோற்றதை, “நம் விதி” என்று அவர்கள் எடுத்துக் கொள்ளவில்லை. எங்கே விரிந்தது என்று பார்த்தார்கள்.

செய்ய வேண்டியது

எப்பொழுதும் ஜயிப்போம் என்று நாம் ஜனங்களுக்கு உபதேசிக்கவில்லை. அது மற்றொரு மோசம். ஆட்டம் என்றால் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். நாமும் பல தடவை தோற்போம். நாம் கேட்பது மூன்றுதான். ஆட்டம் முடியும் வரையில் உட்காருங்கள். தோற்றால், “நாம் இப்படித்தான்” என்பதற்குப் பதிலாக “ஏன் தோற்றோம்?” என்று கேளுங்கள். கேட்டபின், உங்கள் கைக்கு எட்டும் ஒரு காரியத்தைச் செய்யுங்கள்.

கைக்கு எட்டும் காரியம் இல்லாமலில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மைதானம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது ஆக்கிரமிக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தேகப் பயிற்சி ஆசிரியர் இல்லையென்றால் கிராம சபையிலும் நகராட்சியிலும் எழுந்து கேளுங்கள். மாலையில் பந்து எறியும் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வலை வாங்கிக் கொடுங்கள். பெண் குழந்தைகள் விளையாட வந்தால் கேலி பேசுகிறவனை அடக்குங்கள். அரசியல் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை: தேர்தலில் தோற்ற மறுநாள், “ஜனங்கள் சரியில்லை” என்று சொல்லிப் படுத்துவிடாதீர்கள். எந்த வார்டில், எந்தத் தெருவில் எதனால் விரிந்தது என்று மேஸ்திரி பொம்மையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பாருங்கள்.

அந்தக் கல்லூரி மாணவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்கக் கூடும். சென்ற தடவை போனபோது அவர் மேஸ்திரியின் பட்டறையிலேயே இருந்தார். புதிய மாதிரியில் ஒரு விளக்குச் செய்து பார்ப்பதாகச் சொன்னார். முதல் சூளையில் வைத்தவைகளில் பாதிக்குமேல் விரிந்துவிட்டனவாம். விரிந்தவைகளை எறியாமல் சுவரோரம் அடுக்கி, ஒவ்வொன்றின்மீதும் பென்சிலால் ஏதோ குறித்து வைத்திருந்தார்.